சக்கரத்தின் மேல் ஒரு வீடு: புதிதா, பழையதா?

மாசி மாதத்தின் பிற்பகுதியில், சம்பா அறுவடை முடிந்து, களத்துமேட்டில் வைக்கோற்போர்கள் எழும்பி, நெல் விளைந்த வயல்களிலெல்லாம் உளுந்தும் பயறும் பச்சை பிடித்துக் கிடக்கும் நாட்களில், நன்னிலத்துக் கிரகஸ்தர்களின் மனம் யாத்திரையை நாடுவது நெடுநாளைய வழக்கம். மேட்டூர் அணை திறப்பதற்கு மரபாகக் குறித்த நாள் ஜூன் 12. அந்நாள் வருவதற்குள் வெளியூர் போய்த் திரும்பிவிட வேண்டும் என்பதே விவசாயக் குடும்பங்களின் பஞ்சாங்கம். எங்கள் பாட்டன்மார் அந்த இடைவெளியில் கூண்டு வண்டி கட்டி, அடியில் வைக்கோல் பரப்பி மேலே ஜமக்காளம் விரித்து, வெண்கலப் பானையையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு, க்ஷேத்திரம் க்ஷேத்திரமாகச் சென்று வந்தார்கள். அவர்களுடைய பேரன்மார் இப்போது அதே காரியத்துக்கு மோட்டார் வண்டி ஒன்றைத் தேடத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதையும், அது புதிதாக இருக்க வேண்டுமா பழையதாக இருக்கலாமா என்ற விவாதம் ஒரு வீட்டுத் திண்ணையில் மூன்று மாதமாக நடந்து வருகிறது என்பதையும் அறிந்தபோது, இது பலருக்கும் பயன்படக்கூடிய விசாரணை என்று எனக்குத் தோன்றியது.

அந்த வீட்டில் மூத்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்; இளையவர் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர். இருவரும் மனைவியருமாக நால்வர். சோழநாட்டுத் தலங்களை அவர்கள் ஏறக்குறைய முடித்துவிட்டார்கள். காவிரித் தென்கரையில் 127, வடகரையில் 63 என்று எண்ணப்படும் பாடல் பெற்ற தலங்கள் நன்னிலத்திலிருந்து பெரும்பாலும் ஒரு பகல் பயணத்தில் பார்த்துத் திரும்பக்கூடியவை. திருமீயச்சூரும் திருவீழிமிழலையும் ஸ்ரீவாஞ்சியமும் திருப்புகலூரும் வாசற்படியிலேயே இருக்க, அவற்றுக்குப் படுக்கை கட்டிய வண்டி எதற்கு? அவர்கள் மனத்தில் இருப்பது ஸ்ரீசைலம், கோகர்ணம், அதற்கப்பால் கேதாரம். ரயிலில் ஏறி இறங்க மூத்தவரின் முழங்கால் இடங்கொடுக்கவில்லை. விடுதி அறைகளின் கழிப்பறை அவருடைய மனைவிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் தன்னுள்ளேயே கொண்ட ஒரு வண்டி வேண்டும் என்று நால்வரும் ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். அதற்குப் பிறகுதான் கருத்து வேறுபட்டது. ஆசிரியர் புதியது என்றார். தம்பி பழையது என்றார்.

இத்தகைய வண்டிக்குத் தமிழில் நாம் இன்று வழங்கும் பெயர் கேரவன் என்பது. திரையுலகுக்குக் கே. பாலசந்தரை 1930இல் ஈன்றளித்த இந்த நன்னிலத்திலும், கேரவன் என்றவுடன் ஜனங்களின் நினைவுக்கு வருவது படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஒப்பனை செய்துகொள்ளும் வண்டியே தவிர, குடும்பத்தோடு ஊர் சுற்றும் வண்டியன்று. பாரசீகத்தில் வழிப்போக்கர் கூட்டத்தைக் குறித்த சொல் ஆங்கிலேயர் வாயில் வண்டியின் பெயராக மாறிற்று. 1885ஆம் ஆண்டில் ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவராகிய கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர், பிரிஸ்டல் நகரத்துப் பட்டறை ஒன்றில் தமக்கென ஒரு குதிரை வண்டியை வீடுபோல் கட்டச் செய்து, அதற்கு ‘வாண்டரர்’ என்று பெயரிட்டு ஊர் ஊராகச் சென்றார். உல்லாசப் பிரயாணத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் கேரவன் அதுதான் என்று அந்நாட்டார் கொண்டாடுகிறார்கள். நம் நாட்டில் அத்தகைய ஆசை முன்பே எழாமைக்குக் காரணம் நம்முடைய வறுமை மட்டுமன்று என்பது என் அபிப்பிராயம். தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் போகும் பாதையில் சத்திரம் சத்திரமாகக் கட்டி வைத்தார்கள். இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் நிறுவிய முக்தாம்பாள் சத்திரம் யாத்திரிகனுக்கு அன்னமும் தங்குமிடமும் அளித்ததோடு பிள்ளைகளுக்குக் கல்வியும் அளித்தது. வழியிலேயே வீடு காத்திருந்த தேசத்தில் வீட்டைச் சுமந்து செல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் ஏற்படவில்லை. அந்தச் சத்திரங்கள் பள்ளிக்கூடங்களாகவும் பாழ்மண்டபங்களாகவும் மாறிவிட்ட பிறகு, 2021இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டு, மறு ஆண்டு வாகமண் மலையில் வண்டிகள் தங்குவதற்கான முதல் பூங்காவும் திறந்த பிறகுதான், தென்னாட்டில் இவ்விஷயம் சாமானியர் பேச்சுக்கு வந்தது.

தம்பியின் கட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் அதில் எங்கள் பிரதேசத்தின் அனுபவம் முழுவதும் அடங்கியிருக்கிறது. “நாம எப்ப அண்ணே புது மாடு வாங்கினோம்? பழகின மாட்டைத்தானே பல்லைப் பிடிச்சுப் பார்த்து வாங்கினோம்!” என்பது அவருடைய வாதம். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டுத் தரகர் விரலைப் பிடித்து விலை பேசிய பரம்பரை அது. இரண்டு பல்லா நாலு பல்லா கடை சேர்ந்ததா என்று வயதைக் கணிப்பதும், சுழி பார்ப்பதும், நடக்கவிட்டுக் குளம்பு பார்ப்பதும், நுகத்தடியில் பூட்டி ஒரு சால் ஓட்டிப் பார்ப்பதும் இல்லாமல் ஒரு மாடும் கைமாறியதில்லை. கன்றாக வாங்கிப் பழக்குவதற்குச் செலவாகும் காலமும் பணமும் முந்தைய சொந்தக்காரர் தலையில் விழுந்துவிடுகின்றன; அதேபோல், புதிய வண்டியின் விலை அது விற்பனைக்கூடத்தின் வாசலைத் தாண்டிய முதல் ஓரிரண்டு ஆண்டுகளில் இறங்குகிற அளவு பின்னால் ஒருபோதும் இறங்குவதில்லையாதலால், அந்த நஷ்டத்தை இன்னொருவர் ஏற்றுக்கொண்ட பிறகு வாங்குவதே விவேகம் என்கிறார் அவர். இந்த வாதத்தில் பழுதில்லை.

ஆனால் மாட்டுக்கு ஒரு வயது. இந்த வண்டிக்கோ இரண்டு வயது. எஞ்சினும் சேஸிஸும் ஓடிய தூரத்தால் மூப்படைகின்றன. மேலே கட்டப்பட்ட வீடோ நின்ற காலத்தாலும் நனைந்த மழையாலும் மூப்படைகிறது. விற்கிறவர் முதல் வயதைத்தான் சொல்வார். சென்னையில் படப்பிடிப்புக்கு வாடகையாக ஓடி, பின்பு விலைக்கு வரும் கேரவன்களை எடுத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டர்க் கணக்கு வியக்கத்தக்கபடி குறைவாக இருக்கும்; ஏனெனில் அது காலையில் தளத்துக்குப் போய் இரவில் திரும்புவதோடு சரி. ஆனால் அந்தப் பகல் முழுவதும் அதன் ஜெனரேட்டர் ஓடியிருக்கும். குளிர்சாதனம் ஓயாமல் இயங்கியிருக்கும். கழிப்பறையையும் தண்ணீர்த் தொட்டியையும் எத்தனையோ பேர் புழங்கியிருப்பார்கள். ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டர் இருந்தால் அதைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்த வண்டியின் வயதை யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

சென்னைப் பட்டணத்து வண்டி என்றால் இன்னொரு சந்தேகமும் அவசியம். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் அடித்த 2023 டிசம்பரிலும், அந்நகரத்தில் எண்ணற்ற வண்டிகள் வெள்ளத்தில் மூழ்கின. மூழ்கிய வண்டியைத் துடைத்து வர்ணம் பூசிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் இருக்கையைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளின் அடியில் துருவும், விரிப்பைத் தூக்கினால் மெல்லிய வண்டலும், மின்கம்பிகளின் மூட்டுகளில் பச்சை பூத்த களிம்பும், முன்விளக்குக் கண்ணாடிக்குள் ஈரமும் அதைக் காட்டிக்கொடுக்கும். வெள்ளத்தில் நின்ற நெல்லை உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்தே சொல்லிவிடக்கூடிய எங்கள் ஊர்க்காரர்கள், வண்டிக்குள்ளும் அந்த மூக்கை உபயோகிக்கலாம். இரவெல்லாம் கதவைச் சாத்தி வைத்திருந்த வண்டியை விடியற்காலையில் முதன்முதலாகத் திறக்கும்போது வரும் வாடை பொய் சொல்லாது. பிறகு, கூரையின் மேல் அரைமணி நேரம் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சச் சொல்லி உள்ளே உட்கார்ந்துகொண்டு மூலைகளையும் சன்னல் ஓரங்களையும் தடவிப் பார்ப்பது உத்தமம். மெத்தைக்கடியில் பிளைவுட் உப்பியிருந்தால், விலையைக் குறைத்துக் கேட்பதைவிட எழுந்து வந்துவிடுவதே நல்லது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரத்தில் பிறந்த டயர். ஓடாமல் நின்ற வண்டியின் டயரில் பட்டை தேயாதிருக்கும், ரப்பர் மட்டும் வெடித்திருக்கும். வீட்டுப் பகுதிக்கு மின்சாரம் தரும் பாட்டரி ஈய அமில வகையாக இருந்தால் சில ஆண்டுகளில் மாற்றியே தீரவேண்டும். அந்தச் செலவை விலையோடு சேர்த்து எண்ண வேண்டும். எடையையும் சொல்ல வேண்டும். நூறு லிட்டர் தண்ணீர் என்பது நூறு கிலோ. அலமாரி, கட்டில், பாட்டரி, தண்ணீர், நான்கு மனிதர், அவர்களுடைய மூட்டைகள் எல்லாம் ஏறிய பிறகு வண்டியை ஓட்டிக்கொண்டு போய், நெல் லாரிகளுக்கென்று இங்கே வைத்திருக்கும் எடை மேடையில் நிறுத்திப் பாருங்கள். பதிவுச் சான்றில் குறித்த மொத்த எடையைத் தாண்டினால், மலைப்பாதையில் பிரேக்குக்கு அது எமன். கார் ஓட்டும் உரிமம் மட்டும் உள்ளவர் 7,500 கிலோ மொத்த எடைக்கு மேற்பட்ட வண்டியை ஓட்ட முடியாதென்பதால், பஸ் சேஸிஸில் கட்டிய பெரிய கேரவன்கள் இந்தக் குடும்பத்துக்கு ஆகா. டெம்போ டிராவலர் போன்ற நடுத்தர வண்டியே பொருந்தும்.

இனி ஆசிரியரின் கட்சி. புதிய வண்டியில் பிறர் செய்த பிழை இராது, உத்தரவாதம் உண்டு, 2020 ஏப்ரல் முதல் கட்டாயமான பி.எஸ். 6 தரத்தில் இருக்கும். கட்டிலின் உயரத்தை அவருடைய முழங்காலுக்குத் தக்கபடி அமைத்துக்கொள்ளலாம். வடக்கே போகிறவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் கூடுதல்: பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு டெல்லித் தலைநகர்ப் பிரதேசத்தில் 2015 முதல் தடைகளும் வழக்குகளும் மாற்றங்களும் தொடர்ந்து வருவதால், பழைய டீசல் வண்டியோடு அந்தப் பக்கம் போகிறவன் புறப்படும் வாரத்து நிலவரத்தைக் கேட்டுக்கொண்டே புறப்பட வேண்டும். ஆனால் ஆசிரியர் அறியாதது ஒன்று உண்டு. சேஸிஸுக்கு உத்தரவாதம் தருகிறவர் ஒருவர். மேலே வீடு கட்டித் தருகிற பட்டறைக்காரர் வேறொருவர். ஒழுகினால், அதிர்ந்தால், மின்சாரம் நின்றால், இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். புதிய வீட்டில் குடிபுகுந்த முதல் மழையில்தான் ஓட்டை தெரியும். புதிய கேரவனும் அப்படியே. ஆகவே உத்தரவாதத்தை ஒரே கையெழுத்தில், எழுத்து மூலமாகப் பெறாதவரையில், புதிது என்ற சொல்லுக்கு ஆசிரியர் நினைக்கும் மதிப்பு கிடையாது.

இவ்வளவும் வண்டியின் உடம்பைப் பற்றியது. ஆனால் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டிய விஷயம் உடம்பன்று, பத்திரம்.

கால் மா நிலம் வாங்குவதென்றாலும் எங்கள் பக்கத்தில் பட்டாவைப் பார்ப்பார்கள், சிட்டாவைப் பார்ப்பார்கள், மூலப்பத்திரத்தைக் கேட்பார்கள், சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பார்கள். அதே மனிதர்கள், அந்த நிலத்தின் விலைக்கு மேற்பட்ட வண்டியை, ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டிக்கூடப் பாராமல், ஒரு சுற்று ஓட்டிப் பார்த்ததோடு திருப்தியடைந்து வாங்கிவிடுகிறார்கள். வண்டிக்கும் வில்லங்கம் உண்டு. கேரவனுக்கோ வேறெந்த வண்டிக்கும் இல்லாத ஒரு வில்லங்கம் உண்டு.

அது என்னவென்றால், பதிவுச் சான்றில் வண்டியின் வகையைக் குறிக்கும் கட்டத்தில் ‘மோட்டார் கேரவன்’ என்றோ ‘கேம்பர் வேன்’ என்றோ இருக்க வேண்டும். பன்னிரண்டு பேர் உட்காரும் சுற்றுலா வேனை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, கட்டிலும் அடுப்பும் வைத்து, சான்றில் ஒரு எழுத்தும் மாற்றாமல் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கலாகாதென்று விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு வந்த திருத்தச் சட்டமோ, அனுமதியின்றி மாற்றிய சொந்தக்காரருக்கு மாற்றம் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழி செய்தது. அபராதத்தைக் கட்டிவிடலாம். கர்நூலைத் தாண்டி ஒரு விபத்து நேர்ந்து இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் வாசலில் நிற்கும்போது, “நீங்கள் இன்ஷூர் செய்தது வேன், விபத்துக்குள்ளானது வேறு வண்டி” என்ற தகராறு எழுமானால் அந்த நஷ்டத்தை எதனால் ஈடு செய்வது? தேய்ந்த டயரை மாற்றலாம், ஒழுகும் கூரையை அடைக்கலாம், எஞ்சினையே பிரித்துப் புதுப்பிக்கலாம். தவறாகப் பிறந்த பத்திரத்தைத் திருத்துவது அவை எல்லாவற்றிலும் கடினம்.

எங்கள் பகுதிக்கே உரிய சிக்கல் மற்றொன்று. நன்னிலத்திலிருந்து திருநள்ளாறு வழியாக ஒரு மணி நேரத்தில் காரைக்கால் போய்விடலாம். அங்கே வரி குறைவென்பதால் பி.ஒய். 02 என்ற எண்ணோடு எத்தனையோ வண்டிகள் எங்கள் தெருக்களில் ஓடுகின்றன. அத்தகைய பழைய வண்டியை வாங்கி இங்கேயே வைத்துக்கொள்ள நினைப்பவர், அங்கிருந்து படிவம் 28இல் தடையில்லாச் சான்று பெற்று, தமிழ்நாட்டின் வரியைக் கட்டி, திருவாரூரின் டி.என். 50 வரிசையில் மறுபதிவு செய்துகொள்ள வேண்டும். இந்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால் பேசிய விலையின் மலிவு பல சமயம் கரைந்துவிடுகிறது. வண்டி கடனில் வாங்கப்பட்டிருந்தால், கடன் தீர்ந்ததற்கு வங்கி கையெழுத்திட்ட படிவம் 35 வேண்டும்; உரிமை மாற்றத்துக்கு 29ஆம் 30ஆம் படிவங்கள் வேண்டும். அரசாங்கத்தின் பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைத் தட்டினால் அடமானம், இன்ஷூரன்ஸ், நிலுவையிலுள்ள அபராதங்கள் ஆகியவற்றைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். இதுவே வண்டிக்கு வில்லங்கம் போடுவது. ஐந்து நிமிஷ வேலை.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் அளித்த தீர்ப்பை நினைவில் வைக்க வேண்டும். ஒரு வண்டி ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கென்று பல கை மாறிய பின் விபத்துக்குள்ளாயிற்று; ஆனால் பதிவுப் புத்தகத்தில் முதல் சொந்தக்காரரின் பெயரே இருந்தது; எப்போதோ விற்றுவிட்ட அவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பாளி என்று நீதிமன்றம் தீர்த்தது. விற்றவர் ஒரே மாநிலத்துக்குள் என்றால் பதினான்கு நாட்களுக்குள்ளும், வாங்கியவர் முப்பது நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டுமென்பது சட்டம். இன்ஷூரன்ஸைத் தம் பெயருக்கு மாற்ற வாங்கியவருக்குள்ள தவணையும் பதினான்கு நாட்களே.

அடுப்பு விஷயத்தில் புதிய வண்டி, பழைய வண்டி என்ற பேதமில்லை. 2023 ஆகஸ்டு 26ஆம் தேதி விடியற்காலையில், லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்களுடைய சுற்றுலா ரயில் பெட்டி மதுரை நிலையத்தருகே நிறுத்தப்பட்டிருந்தபோது, விதிக்கு மாறாக உள்ளே வைத்திருந்த எரிவாயு சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் மாண்டார்கள். பூட்டிய கதவும் குறுகிய நடையும் கொண்ட பெட்டிக்குள் நேர்ந்த அந்தத் துயரம், கேரவனுக்குள் நேராதென்று யார் சொல்ல முடியும்? பழைய வண்டியில் வீட்டு உபயோகச் சிலிண்டர் கட்டப்பட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டு, பாட்டரியின் வலுவுக்கேற்ற மின்சார அடுப்போடு திருப்தியடையுமாறு மிகுந்த கவலையோடு கேட்டுக்கொள்கிறேன்.

விவாதம் இந்த நிலையில் இருந்தபோது, இளையவரின் மனைவி ஒரு நாள் சாயங்காலம், அரிசி புடைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார். “எல்லாம் சரிங்க, ஐப்பசி கார்த்திகையிலே இதை எங்கே நிறுத்துவீங்க?” சகோதரர்கள் இருவரும் பேசவில்லை. ஆண்டில் நான்கு மாதம் ஓடி எட்டு மாதம் நிற்கப்போகிற வண்டி. அந்த எட்டு மாதத்தில் வடகிழக்குப் பருவமழை முழுவதும் அடங்கும். வயலில் தண்ணீர் ஏறினால் எலிகள் மேட்டை நாடும். வண்டியின் மின்கம்பியைவிட அவற்றுக்கு உவப்பான தீனி இல்லை. கொட்டகை வேண்டும், சிமெண்டுத் தளம் வேண்டும், பத்து நாட்களுக்கொருமுறை எஞ்சினைக் கிளப்பிச் சிறிது தூரம் ஓட்ட ஆள் வேண்டும். ஆண்டுக்கு நாற்பது இரவுகள் என்று வைத்தால் பத்தாண்டில் நானூறு இரவுகள். வண்டியின் கிரயத்தையும், கொட்டகைச் செலவையும், கடன் வாங்கினால் வட்டியையும் கூட்டி நானூறால் வகுத்தால் ஓரிரவின் விலை வரும். அந்தக் கணக்கை ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவதுபோல் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் போட்டுப் பார்த்தார். புதிய வண்டிக்கு வந்த தொகை, அவர் மிகவும் வெறுக்கும் விடுதிகளின் வாடகையைவிடப் பன்மடங்காயிருந்தது.

என்னைக் கேட்டால் என் முடிவு இது. ஆண்டில் நூறு நாளுக்கு மேல் சாலையிலேயே வாழப்போகிறவர்கள், சேஸிஸும் வீடும் ஒரே உத்தரவாதத்தில் வரும் புதிய வண்டியை வாங்கலாம். நன்னிலத்துக் குடும்பம்போல் அறுவடைக்கும் நாற்றங்காலுக்கும் இடையே மட்டும் புறப்படுகிறவர்கள், மூன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட, பிறக்கும்போதே கேம்பர் வேன் என்று பதிவான, ஒரே கையில் இருந்த பழைய வண்டியைத் தேடலாம். அது கிடைக்கும் வரையில் வாடகை வண்டியே போதும். சான்றில் வேன் என்றும் உள்ளே வீடு என்றும் இருக்கும் வண்டியை எவ்வளவு மலிவானாலும், எவ்வளவு அழகானாலும், ஒருவரும் வாங்கலாகாது.

அந்தக் குடும்பத்தார் சென்ற மாசியில் பெங்களூரிலிருந்து ஒரு வண்டியைப் பத்து நாளைக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டு கோகர்ணம் போய் வந்தார்கள். கட்டில் அரை அடி தாழ்வாக இருக்க வேண்டும், கழிப்பறைக் கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும் என்ற இரண்டும் அந்தப் பத்து நாளில் அவர்களுக்குத் தெரிந்தன. இப்போது கோயம்புத்தூரில் நாலு வயதுள்ள வண்டியொன்று விலைக்கு வந்திருக்கிறது. தம்பி நேரில் போய்ப் படுக்கையடியில் மோந்து பார்த்துவிட்டு வந்துவிட்டார். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. ஆர்.சி. புத்தகத்தின் நகல் தபாலில் வருவதற்காகக் காத்திருக்கிறார்கள்.